பெங்களூரிலிருந்து ஓபேராக வெளிநாடு செல்ல: விசாவுக்கு என்னென்ன வேண்டும், எந்த வரிசையில் வேண்டும்

பி.யு.சி.யோ பட்டப்படிப்போ முடித்துவிட்டு, ஓராண்டு காலம் ஐரோப்பியக் குடும்பம் ஒன்றில் ஓபேராகத் தங்கி, அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அந்நாட்டு மொழியையும் கற்று வரலாம் என்று எண்ணும் பெங்களூர்த் தமிழ் இளையோருக்கும், பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: ஓபேர் விசாவை யாரும் கடையில் பொருள் வாங்குவதுபோல் வாங்கித் தர முடியாது. உங்கள் வயது, மொழிச் சான்றிதழ், தகுதியுள்ள ஒரு குடும்பத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் மீதியெல்லாம் பொறுமையாகச் செய்யக்கூடிய காகித வேலைதான். அவற்றில் ஒன்று சரியில்லாவிட்டாலும் எவ்வளவு பணம் கொடுத்தும் பயனில்லை.

ஓபேர் என்பவர் வீட்டு வேலைக்காரர் அல்லர். குடும்பத்தில் ஒருவராக நடத்தப்பட வேண்டியவர். 1969-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கையெழுத்தான ஐரோப்பிய ஒப்பந்தம் இந்த ஏற்பாட்டின் அடிப்படைகளை வகுத்தது. வேலை நேரத்துக்கு வரம்பு, தனி அறை, உணவு, கைச்செலவுக்குப் பணம், மொழி வகுப்புக்குச் செல்ல நேரம் ஆகியவையே இன்றும் பெரும்பாலான நாடுகளின் விதிகளில் காணப்படுகின்றன. சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்புவதே நோக்கமானால் இந்த வழி பொருந்தாது. கைச்செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்து ஊரில் உள்ள கடனை அடைக்க இயலாது என்பதைப் பெற்றோர் முன்னதாகவே உணர்ந்துகொள்வது நல்லது.

எந்த நாடு?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு எல்லா நாடுகளும் திறந்திருக்கவில்லை. நார்வே 2024 மார்ச்சில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்கான ஓபேர் திட்டத்தையே நிறுத்திவிட்டது. பழைய தகவலை வைத்துக்கொண்டு நார்வேக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். நெதர்லாந்தில் வயது 18 முதல் 25 வரை. திருமணமாகாதவராகவும் குழந்தை இல்லாதவராகவும் இருக்க வேண்டும். அந்நாட்டுக் குடிவரவுத் துறை அங்கீகரித்த ஏஜென்சி வழியாக மட்டுமே செல்ல முடியும். அனுமதிக்கு விண்ணப்பிப்பதும் அந்த ஏஜென்சியே. பிரான்சில் 18 முதல் 30 வயது வரை அனுமதி உண்டு. வாரத்துக்கு 25 மணி நேரம்தான் வேலை. மாதம் குறைந்தது 320 யூரோ கைச்செலவுக்குத் தர வேண்டும். ஓராண்டுக்குப் பின் இன்னோர் ஆண்டு நீட்டிக்கவும் வழியுண்டு. பிரெஞ்சு மொழி அடிப்படையாகவேனும் தெரிந்திருக்க வேண்டும், அல்லது பள்ளி மேல்நிலைக் கல்வியோ தொழிற்கல்வியோ முடித்திருக்க வேண்டும். வசந்த் நகரிலுள்ள அலியான்ஸ் பிரான்சேஸில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் பிரான்சைத் தயங்காமல் எண்ணிப் பார்க்கலாம்.

ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் நடக்கும் அமெரிக்க ஓபேர் திட்டம் முற்றிலும் வேறு வகையானது. 18 முதல் 26 வயது, பள்ளிப் படிப்பு முடித்திருத்தல், நல்ல ஆங்கிலம், வாரத்துக்கு 45 மணி நேரம் வரை வேலை, படிப்புச் செலவுக்கு 500 டாலர் வரை குடும்பத்தின் பங்கு என்பவை அதன் முக்கிய விதிகள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டுக்குப் போவதானால் அவ்வயதுக் குழந்தைகளைப் பராமரித்த 200 மணி நேர அனுபவத்தைக் காட்ட வேண்டும். அந்நாட்டு வெளியுறவுத் துறை நியமித்த அமைப்பின் வழியாக மட்டுமே செல்லலாம் என்பதாலும், அந்த அமைப்புகள் எல்லாமே எல்லா நாடுகளிலும் ஆள் சேர்ப்பதில்லை என்பதாலும், இந்தியாவிலிருந்து விண்ணப்பம் ஏற்கிறார்களா என்று முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் ஓபேருக்கென்று தனி விசா 2008-க்குப் பிறகு இல்லை. பட்டதாரிகள் மட்டும், 18 முதல் 30 வயதுக்குள் இருந்தால், இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டத்தின் குலுக்கலில் பெயர் பதியலாம். கையிருப்பாக 2,530 பவுண்டு காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவும் இந்தியர்களுக்கான வேலை-விடுமுறை விசாவை ஆண்டுக்கு 1,000 இடங்கள் என்ற அளவில் குலுக்கல் முறையில் தருகிறது. குலுக்கலை நம்பி ஓராண்டைக் காத்திருந்து கழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெங்களூரில் இருப்பவருக்கு மொழி கற்கும் இடம், தேர்வு எழுதும் இடம், துணைத் தூதரகம் மூன்றும் நகருக்குள்ளேயே கிடைப்பதாலும், ஏஜென்சி இல்லாமலே விண்ணப்பிக்கலாம் என்பதாலும் ஜெர்மனியே நடைமுறையில் எளிதானது என்பது என் கருத்து. ஆகவே இனி ஜெர்மனியின் விதிகளையே விரிவாகச் சொல்கிறேன்.

வயதும் மொழியும்

ஜெர்மன் ஓபேர் விசாவுக்குக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும்; விண்ணப்பிக்கும் நாளில் 27 வயது நிறைந்திருக்கக் கூடாது. இதில் விதிவிலக்கை எதிர்பார்க்க வேண்டாம். 26 வயதில் இருப்பவர் மொழி கற்க ஆகும் காலம், தேர்வுத் தேதி, குடும்பம் தேட ஆகும் காலம், விசா மையத்தில் நேரம் கிடைப்பது ஆகியவற்றைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்து, பிறந்தநாளுக்கு முன் முடியுமா என்பதை நேர்மையாக முடிவு செய்ய வேண்டும். ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் இந்த அனுமதி. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஓராண்டு. அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது.

மொழியில் ஏ1 எனப்படும் தொடக்க நிலை கட்டாயம். இந்திராநகர் சி.எம்.எச். சாலையிலுள்ள கோத்தே நிலையத்தில், அதாவது மாக்ஸ் முல்லர் பவனில், வகுப்பும் தேர்வும் நடக்கின்றன; அல்சூர், மர்பி டவுன் பக்கம் இருப்பவர்களுக்கு மெட்ரோவில் மிக அருகில்தான். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் கொண்ட இத்தேர்வில் 100-க்கு 60 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. கோத்தே நிலையமே இந்நிலையை அடைய 45 நிமிட வகுப்புகள் 80 முதல் 200 வரை தேவைப்படலாம் என்று கூறுகிறது. வெளியில் வேறு ஆசிரியரிடம் கற்றுவிட்டுத் தேர்வை மட்டும் அங்கே எழுதுவதற்கும் தடையில்லை.

சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று நினைத்து, தேர்வு முடிந்ததும் மொழியை மறந்துவிடுபவர்கள் பலர். தூதரக அலுவலர் எளிய ஜெர்மனில் உங்கள் பெயர், குடும்பம், நீங்கள் போகும் வீட்டுக் குழந்தைகளின் வயது, ஏன் போகிறீர்கள் என்பதைக் கேட்கலாம். ஏ1 தேர்ச்சி பெற்றதாகக் காகிதம் சொல்லும்போது வாய் திறக்காமல் நின்றால், மற்ற ஆவணங்கள் மீதும் ஐயம் எழும். தேர்வுக்கும் நேர்காணலுக்கும் இடையிலான காலத்தில் பேச்சுப் பயிற்சியை நிறுத்தவே கூடாது. முடிந்தால் அடுத்த நிலையான ஏ2 வகுப்பிலும் சேர்ந்துவிடுங்கள். குழந்தைகள் பேசும் வேகத்துக்கு ஏ1 போதாது என்பதை அங்கே போன முதல் வாரத்திலேயே உணர்வீர்கள்.

குடும்பம் தகுதியுடையதா?

தமிழர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். மியூனிக்கிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ பணிபுரியும் சித்தப்பா வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது, அண்ணன் மகளை ஓபேராக வரவழைத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது என்று குடும்பத்தில் பேச்சு எழும். அன்பின் அடிப்படையில் அது நல்ல யோசனைதான். ஆனால் விதிப்படி நடக்காது. ஓபேருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் உறவு இருக்கக் கூடாது. உறவு இல்லாத, பழக்கமான தமிழ்க் குடும்பமானாலும் சிக்கல் தீராது. அந்த வீட்டில் ஜெர்மன் தாய்மொழியாகப் பேசப்பட வேண்டும் என்பது பொது விதி. தாய்மொழியாக இல்லாமல் குடும்ப மொழியாக மட்டும் ஜெர்மன் பேசப்படும் வீடானால், அந்தப் பெற்றோரின் பூர்வீக நாட்டிலிருந்து ஓபேர் வரக் கூடாது. இந்தியாவிலிருந்து குடியேறிய கணவனும் மனைவியும் ஜெர்மன் குடியுரிமையே பெற்று வீட்டில் ஜெர்மன் பேசினாலும், இந்தியாவிலிருந்து செல்லும் பெண்ணுக்கு அந்த வீடு பொருந்தாமல் போவது இதனால்தான். பெற்றோரில் ஒருவர் ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்டவரானால் நிலைமை வேறு. மொழியும் பண்பாடும் அறிந்து வருவதே இந்த அனுமதியின் நோக்கம் என்பதால் இவ்விதி நியாயமானதே. சொந்த வீட்டுச் சூழலையே அங்கும் தேடிச் சென்றால் ஜெர்மன் பேச வாய்ப்பே இராது.

குடும்பத்தைத் தேட இணையத்தில் ஓபேர் தளங்கள் உள்ளன; ஜெர்மனியில் ஏஜென்சிகளும் உள்ளன. ஏஜென்சியை நாடுவதானால் ஆர்.ஏ.எல். தர முத்திரை பெற்றதா என்று பாருங்கள். அங்குள்ள ஏஜென்சி ஒன்று ஓபேரிடமிருந்து பெறக்கூடிய கட்டணத்துக்கு ஜெர்மன் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 150 யூரோ. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, இங்கே லட்சக்கணக்கில் கேட்பவர் எதிரில் உட்காருங்கள். எதற்காக அவ்வளவு என்று பகுதி பகுதியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் கடவுச்சீட்டின் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். பதிவு பெற்றவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது.

இன்னொரு வகை ஏமாற்று, குடும்பமே போலியாக இருப்பது. அழகான படங்களும் கனிவான கடிதங்களும் அனுப்பி, விசாக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் என்று சொல்லிப் பணம் கேட்பார்கள். விசாக் கட்டணத்தை நீங்கள்தான் விசா மையத்தில் கட்டுவீர்கள். எந்தக் குடும்பத்துக்கும் அதை அனுப்பத் தேவையில்லை. காணொளி அழைப்பில் பெற்றோர் இருவருடனும் குழந்தைகளுடனும் பலமுறை பேசுங்கள். உங்களுக்கான அறையைக் காட்டச் சொல்லுங்கள். முன்பு அங்கே இருந்த ஓபேர் ஒருவருடன் பேச அனுமதி கேளுங்கள். நல்ல குடும்பம் இதற்குச் சினம் கொள்ளாது. உங்கள் பக்கத்திலிருந்து அப்பாவோ அம்மாவோ ஓர் அழைப்பில் கலந்துகொள்வது மிகவும் நல்லது. அங்குள்ளவர்களும் தங்கள் குழந்தையை ஒப்படைக்கப்போகும் ஆளின் வீட்டாரைக் காண விரும்புவார்கள்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

ஜெர்மன் மத்திய வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் ஓபேர் விசாவுக்குத் தேவை. அது தரும் மாதிரி ஒப்பந்தத்தையே பயன்படுத்துவது பாதுகாப்பானது. வேலை நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கும் மிகக் கூடாது. வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறேனும் முழு விடுமுறை, ஓராண்டுக்கு நான்கு வார விடுப்பு ஆகியவை உரிமைகள். கைச்செலவுக்கு மாதம் 280 யூரோவும், மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ வரையும் குடும்பம் தர வேண்டும். உணவும் தங்குமிடமும் இதற்குமேல். அவற்றை இந்தத் தொகையில் கழிக்கக் கூடாது. சன்னலும் வெப்ப வசதியும் உடைய தனி அறை வேண்டும். உடல்நலம், விபத்து, மகப்பேறு ஆகியவற்றுக்கான காப்பீட்டுத் தொகையைக் குடும்பமே கட்ட வேண்டும். விமானச் செலவு மட்டும் வழக்கமாக ஓபேரையே சேரும். மாணவர் விசாவுக்குக் கேட்கப்படும் முடக்கக் கணக்கு, அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கிவைக்கும் வங்கிக் கணக்கு, ஓபேருக்குத் தேவையில்லை. அதைத் திறந்து தருவதாகப் பணம் கேட்பவர் விதி அறியாதவர் அல்லது அறிந்தே ஏமாற்றுபவர்.

குழந்தைகளைப் பார்ப்பதோடு சிறு வீட்டு வேலைகளும் சேரும். காலை உணவு தயாரித்தல், குழந்தைகளின் துணிகளைத் துவைத்தல், அறையை ஒழுங்குபடுத்துதல் போன்றவை இயல்பானவை. முழு வீட்டையும் கழுவித் துடைப்பது, முதியவரைப் பராமரிப்பது போன்றவை ஓபேரின் பணி அல்ல. ஒரு நாளின் நேர அட்டவணையை எழுதி ஒப்பந்தத்துடன் இணைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் மனத்தாங்கல் வந்தால் அந்தத் தாள் உங்களைக் காக்கும். சைவ உணவு, பண்டிகை நாட்கள், தொழுகை நேரம் போன்றவற்றையும் கூச்சப்படாமல் முன்பே பேசிவிடுங்கள்.

பெயரும் முகவரியும்

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டில் ‘மு. செல்வி’ என்றும், ஆதாரில் ‘செல்வி முருகன்’ என்றும், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக ‘செல்வி’ என்று மட்டும் இருப்பதும் மிகச் சாதாரணம். ஜெர்மனியில் குடும்பப் பெயர் இல்லாத ஒருவரைப் பதிவு செய்ய அலுவலகமும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் தடுமாறும். அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவரின் ஒரே பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் அறியப்படவில்லை என்ற பொருளில் மூன்று எழுத்துகளை அச்சிட்டுவிடுகிறார்கள். காலம் இருக்குமானால், வேறு எதையும் தொடங்கும் முன் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக விரித்து எழுதிக் கடவுச்சீட்டை மறுவெளியீடு செய்துகொள்வதே சிறந்தது என்பேன். லால்பாக் சாலையிலோ மாரத்தஹள்ளியிலோ உள்ள கடவுச்சீட்டுச் சேவை மையத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம் பள்ளிச் சான்றிதழ் வேறுபாட்டுக்கு உதவும்; ஆனால் மொழித் தேர்வுச் சான்றிதழ், ஒப்பந்தம், காப்பீடு மூன்றிலும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். தேர்வுக்குப் பதிவு செய்யும்போதே இதைக் கவனியுங்கள். கன்னடத்தில் மட்டும் உள்ள சான்றிதழ்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படும்.

முகவரியும் கவனிக்க வேண்டியதே. கர்நாடகத்திலும் கேரளத்திலும் வசிப்போர் பெங்களூர் ஜெர்மன் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறார்கள். தமிழ்நாட்டில் வசிப்போர் சென்னையைச் சேர்ந்தவர்கள். ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து போகிறவருக்குப் பெங்களூர் அருகில் இருந்தாலும் அவருடைய விண்ணப்பம் சென்னைக்குரியது. பெங்களூரில் ஆண்டுக்கணக்காக இருந்தும் ஆதாரில் தருமபுரி, சேலம் முகவரியையே வைத்திருப்பவர்கள், இங்கே வசிப்பதைக் காட்டும் வாடகை ஒப்பந்தம் முதலியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். முகவரியை முன்னதாகவே மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

விண்ணப்பம்

நீங்கள் கேட்க வேண்டியது 90 நாளுக்கு மேற்பட்ட தங்கலுக்கான தேசிய விசா, அதாவது டி வகை. ஷெங்கன் சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஜெர்மன் வெளியுறவுத் துறை 2025 தொடக்கத்திலிருந்து பல வகைத் தேசிய விசாக்களுக்கு இணையவழி விண்ணப்பத்தை உலகெங்கும் திறந்திருக்கிறது. ஆவணங்களை நேரில் காட்டுவதும் கைரேகை தருவதும் இருக்கவே செய்யும். கட்டணம் 75 யூரோவுக்கு ஈடான ரூபாய்; விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆவணப் பட்டியலைத் துணைத் தூதரகத்தின் தளத்திலிருந்து விண்ணப்பிக்கும் வாரத்தில் எடுத்துப் பாருங்கள். பழைய பட்டியலைக் கொண்டு போகாதீர்கள். கடவுச்சீட்டு, படங்கள், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், குடும்பத்தின் அழைப்புக் கடிதம், ஏ1 சான்றிதழ், தன்விவரம், நோக்கக் கடிதம், கல்விச் சான்றிதழ்கள், காப்பீடு ஆகியவை அதில் இருக்கும்.

நோக்கக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரியை நகலெடுத்தால் அலுவலர் முதல் வரியிலேயே கண்டுகொள்வார். தம்பி தங்கையை வளர்த்த அனுபவம், அங்கன்வாடியிலோ மாலை டியூஷனிலோ குழந்தைகளோடு இருந்த காலம், ஏன் இந்த மொழி, திரும்பி வந்தபின் என்ன செய்ய எண்ணுகிறீர்கள் என்பவற்றை உண்மையாக, சுருக்கமாக எழுதினால் போதும். பொறியியல் முடித்து வேலையில் இருப்பவர் ஓபேராகப் போக விண்ணப்பித்தால், அதற்கு நம்பத்தக்க காரணம் கடிதத்தில் இருந்தாக வேண்டும்.

முடிவு வரச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். விசா கைக்கு வரும்வரை விமான டிக்கெட் வாங்காதீர்கள், இருக்கும் வேலையையும் விடாதீர்கள். மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கும் வழியை ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் நீக்கிவிட்டது. இனிப் புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். முதல் விண்ணப்பத்தைக் குறையின்றிச் செய்வது முன்னைவிட முக்கியமானதற்கு இதுவே காரணம்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் இரண்டு வாரத்துக்குள் குடியிருப்புப் பதிவு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். விசாக் காலம் முடியுமுன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டு உங்களிடமே இருக்கட்டும். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று குடும்பத்தார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. வீட்டில் அச்சுறுத்தலோ அத்துமீறலோ நேர்ந்தால் 110 என்ற காவல்துறை எண்ணும், பெண்களுக்காக இரவு பகலாக இயங்கும் 116016 என்ற கட்டணமில்லா உதவி எண்ணும் இருக்கின்றன. பின்னதில் பல மொழிகளில் பேசலாம். வெளிநாட்டில் உள்ள இந்தியர்களின் குறைகளைக் கேட்கும், இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்னும் இணையதளத்திலும் புகார் பதியலாம். இந்த எண்களையும், ஒப்பந்தத்தின் நகலையும், கடவுச்சீட்டின் நகலையும் புறப்படும் முன்பே பெங்களூரில் உள்ள வீட்டாரிடம் ஒரு தொகுப்பாகக் கொடுத்துவிடுங்கள்.